வசந்தாமணி பேரில் வந்த கதவு

'இந்தா' கம்பெனியின் பங்கு யார் யாருக்கு விழுந்தது என்று தெரிந்த வெள்ளிக்கிழமை காலையில், கொளிஞ்சிப்பாளையம் சந்தைப்பேட்டைத் தெருவில், கோழித்தீவன ஏஜென்சி சென்னியப்பன் வீட்டுச் சமையலறைக்கும் சாமி ரூமுக்கும் நடுவிலிருந்த சுவரில், ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கதவு முளைத்திருந்தது. சுவர் விரியவில்லை, சுண்ணாம்பு உதிரவில்லை, காலண்டர் மாட்டியிருந்த ஆணி மட்டும் ஒரு சாண் தள்ளிப்போய் நின்றது. பல் விளக்கிக்கொண்டே வந்த சென்னியப்பன் அதைப் பார்த்தார், நுரையைத் துப்பிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார், "அட, விழுந்துருச்சாட்ட இருக்குது" என்றார், அவ்வளவுதான். சந்தோஷத்தில் பிரஷ்ஷைக் கொண்டுபோய் டீ டம்ளருக்குள் போட்டுவிட்டார்.

சந்தோஷப்படாமல் என்ன செய்வார் மனுஷன்? சில வருஷமாகவே அந்த ஊரில் மழைக்கு அடுத்தபடியாக ஜனங்கள் அண்ணாந்து பார்த்தது ஐபிஓவைத்தான். புதுசாக ஒரு கம்பெனி சந்தைக்கு வருகிறது என்றால் பங்கு வேண்டும் என்கிறவர்கள் பணத்தைக் கட்டி மனுப் போடுவார்கள், மனுக்கள் பங்கைவிடப் பல மடங்கு குவிந்துவிடும், கடைசியில் குலுக்கலில் யார் பேர் வருகிறதோ அவர்களுக்குத்தான். ஒரு பேருக்கு ஒரு மனு என்பது சட்டம். அப்படிச் சட்டம் போட்டவர்களுக்கு நம் ஜனங்களைத் தெரியாது. சம்சாரம் பேரில், அம்மா பேரில், மாமியார் பேரில், ஈரோட்டில் கட்டிக்கொடுத்த மகள் பேரில், பேசுவதையே நிறுத்திவிட்ட அண்ணி பேரில் என்று பேன் கார்டு இருக்கிற எல்லார் பேரிலும் போட்டார்கள். கணக்கு அவர்கள் பேரில் இருக்கும், போன் நம்பர் மட்டும் போடுகிற ஆம்பளையுடையதாக இருக்கும். அந்தப் பேர்களுக்குச் சொந்தக்காரிகள் அந்நேரம் மாவாட்டிக்கொண்டோ மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டோ இருப்பார்கள், அவர்களை யாரும் கேட்டதில்லை.

இந்த முறை சென்னியப்பன் கையில் ஒரு பேருக்குத்தான் பணம் இருந்தது. தன் பேரில் போடுவதா, வசந்தாமணி பேரில் போடுவதா என்று தெரியாமல், அந்தப் பக்கத்து வழக்கப்படி மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூவாக்குக் கேட்டார். சிவப்பு அரளியை ஓர் இலையிலும் வெள்ளை அரளியை ஓர் இலையிலும் மடித்து அம்மன் காலடியில் வைத்து, சிவப்பு வந்தால் தான், வெள்ளை வந்தால் சம்சாரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறதற்கும் கிணறு வெட்டுகிறதற்கும் வாக்குச் சொல்லிவந்த அம்மன், ஐபிஓவுக்கும் தட்டாமல் சொன்னாள். வெள்ளை வந்தது.

கம்பெனி எப்படிப்பட்டது என்று கேட்டால் சென்னியப்பனுக்கு முழுசாகச் சொல்லத் தெரியாது. வேண்டியதைப் போனில் தட்டினால் பத்து நிமிஷத்தில் வாசலுக்கே வந்து 'இந்தா' என்று கொடுத்துவிடுமாம். கொளிஞ்சிப்பாளையத்துக்கு அது வந்ததே இல்லை, ஊர் பின்கோடைப் போட்டால் 'விரைவில் உங்கள் ஊருக்கும்' என்று ஓர் ஆரஞ்சு நிறப் பொம்மை கையாட்டும். அது லாபம் பார்த்ததும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த லோகநாதன், ஊருக்கே கணக்குத் திறந்து கொடுத்து மனுப் போட்டுக் கொடுக்கிறவன், அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். "நஷ்டத்துல ஓடறதுதானுங்ணா இப்ப மதிப்பு. லாபத்துல ஓடுனா அதோட முடிஞ்சுதுங்க. நஷ்டத்துல ஓடுனா எங்க போய் நிக்கும்னு எவனுக்குமே தெரியாது பாருங்க" என்றான். சென்னியப்பன் தலையாட்டினார், ஏதோ புரிந்த மாதிரியும் இருந்தது.

அப்பேர்ப்பட்ட கம்பெனியின் கதவைத்தான் அவர் இப்போது தள்ளிப் பார்த்தார். திறக்கவில்லை. தோளைக் கொடுத்தார், தீவன மூட்டை தூக்குகிற கொக்கியை விட்டு நெம்பிப் பார்த்தார், ஊஹூம். அடுப்பில் பால் வைத்துவிட்டுத் திரும்பிய வசந்தாமணி, கண்ணாடியெல்லாம் அவருடைய கைரேகையாக இருந்ததைப் பார்த்து, ஈரத்துணியால் துடைக்கக் கையை வைத்தாள். கதவு 'க்ளிங்' என்று திறந்துகொண்டது. உள்ளேயிருந்து ஒரு குளிர் வந்து அவள் கால்விரலைத் தொட்டது.

"இதென்னுங்க?"

"பங்கு, அம்மிணி. உன்ற பேர்ல விழுந்திருக்குது."

"என்ற பேர்லயா? எப்பப் போட்டீங்க?"

"போன வாரந்தான்."

"ஒரு கையெழுத்துக்கூடக் கேக்கலீங்களே?"

"இப்பெல்லாம் கையெழுத்து ஏது? ஓடிபி வரும், அதைச் சொன்னாச் சரியாப்போச்சு."

"அது எங்க வரும்?"

"என்ற போனுக்குத்தான்."

வசந்தாமணி துணியை மடித்தாள். "அப்ப நானு எங்க இருந்தேன்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சென்னியப்பன் யோசித்துப் பார்த்து, "நீ மாவாட்டிட்டிருந்தே" என்றார். பால் பொங்கியது, பேச்சு அதோடு நின்றது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக் கிட்டுசாமி தன் சம்சாரம் ருக்குமணி பேரில் போட்டிருந்தார், அவருக்கு மாட்டுத்தொழுவத்தில் முளைத்திருந்தது. லோகநாதனுக்கு மாமியார் பேரில் விழுந்ததால் கதவு போய் மாமியார் வீட்டு மாடிப்படிக்குக் கீழே முளைக்க, சொந்தக் கதவைப் பார்க்க அவன் பஸ் ஏற வேண்டியதாயிற்று. இன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல வீடுகளில், பீரோவுக்குப் பின்னால், துளசி மாடத்துக்குப் பக்கத்தில், ஒரு வீட்டில் குளியலறைக்குள்ளேயே. பங்கு என்றால் கம்பெனியில் ஒரு துண்டு, அந்தத் துண்டை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள், இதிலென்ன அதிசயம் என்று ஊர் பேசி முடித்தது. குலுக்கலில் பேர் வராதவர்கள் தங்கள் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஐபிஓ எப்போது என்று விசாரிக்கப் போனார்கள்.

கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், மாவிலை கட்டினார்கள், கண் படாமல் இருக்கப் பூசணிக்காய் தொங்கவிட்டார்கள். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர், உள்ளே ஏசி ஓடுவதையும் மீட்டர் ஓடாததையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். சுவரின் கனம் அரையடிதான், உள்ளேயோ தாராளமாகப் பத்தடி அறை. அதைப் பற்றி ரெண்டு நாள் பேசினார்கள், அப்புறம் குளிருக்கு என்ன பிரயோஜனம் என்று பேச ஆரம்பித்தார்கள். பேருக்கு உரியவள் கை வைத்தால்தான் திறக்கும் என்பதால் பூக்காரர்கள் மல்லிகைச் சரத்தோடும், பால்காரர்கள் கேனோடும், பெண்களைத் தேடி வந்து நின்றார்கள். சென்னியப்பன் கோழிக்குஞ்சுத் தடுப்பு மருந்துப் பெட்டிகளை வசந்தாமணியிடம் கொடுத்து உள்ளே அடுக்கச் சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வந்தால் அவள் ஒதுங்கி வழிவிட்ட வீட்டில், அவள் திறக்க அவர் காத்து நின்றது அப்போதுதான் முதல் தடவை. அவருக்கு அது என்னவோ போலிருந்தது, ஆனால் மருந்து கெடாமல் இருந்தது.

பங்கு வியாபாரத்துக்கு வந்த அன்று காலை பத்து மணிக்கு ஊரிலிருந்த எல்லாக் கண்ணாடிக் கதவும் ஒரே சமயத்தில் மணி அடித்தன. விலை ஏறியது. ஏற ஏறக் கதவுக்கு அந்தப் பக்கம் அறை பெருத்தது. ஒரு நாற்காலியும் ஒரு மேசையும் இருந்த இடத்தில் நீளமாகக் கம்பளம் விரிந்தது, ஆரஞ்சு நிறச் சோபா வந்தது, தண்ணீர் மெஷின் வந்தது, யாரும் தண்ணீர் ஊற்றாமலே பச்சையாக நிற்கிற செடி வந்தது. அந்தப் பக்கம் பெருத்ததற்கு இடம் இந்தப் பக்கத்திலிருந்துதான் போனது. முதலில் சாமி ரூம் ஒடுங்கி ஆள் நுழைய முடியாமல் ஆயிற்று, சாமிப் படங்களைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு கூடம் ஒடுங்கிற்று, கட்டிலை வாசலில் போட்டார்கள். பீரோ தெருவுக்குப் போய்த் தார்ப்பாய் போட்டுக்கொண்டு நின்றது. தெரு நெடுக இப்படிப் பீரோக்களும் கட்டில்களும் தையல் மிஷின்களும் வெயிலில் நின்றன. தெருவில் போகிறவர்கள் அவற்றைப் பார்த்து, யார் வீட்டில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பொறாமைப்பட்டார்கள்.

"வித்துப்போடலாமா லோகு?" என்று சென்னியப்பன் கேட்டார்.

"வித்துறாதீங்ணா! இன்னும் போகுமுங்க. வீடு சின்னதானா என்னங்க, நாளைக்கு இந்த வீடு மாதிரி நாலு வீடு வாங்கலாம்."

அவர் விற்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை மடக்கிக்கொண்டு, போனில் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கண்ணாடிக்குள் வசந்தாமணி இருந்தாள்.

முதலில் அவள் மருந்துப் பெட்டியை வைக்கத்தான் போனாள். அப்புறம் மேசைமேல் இருந்த திரையைத் துடைத்தாள். திரையில் எங்கெங்கோ யார் யாருக்கோ வேண்டியதெல்லாம் வந்து வரிசையில் நின்றது, ஒரு கட்டுக் கொத்தமல்லி, குழந்தைக்கு மருந்து, பால் பாக்கெட், பிறந்தநாள் மெழுகுவத்தி. விரலால் தொட்டால் ஒன்று நகர்ந்து போய், எங்கோ ஒரு வாசலில் சேர்ந்துவிட்டதென்று பச்சைப் புள்ளி எரிந்தது. இன்னொன்றைத் தொட்டாள். யாரும் அவளைத் தொடச் சொல்லவில்லை, யாரும் சம்பளம் தருவதாகவும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் என்பது அரைநாளாயிற்று, அரைநாள் முழுநாளாயிற்று. எதிர்வீட்டு ருக்குமணியும் அப்படித்தான், அடுத்த தெருப் பெண்களும் அப்படித்தான். ஊரில் ஆம்பளைகள் குக்கர் விசில் எண்ணக் கற்றுக்கொண்டார்கள், எண்ணத் தெரியாதவர்கள் மெஸ்ஸில் வரிசையில் நின்றார்கள்.

ஒரு சாயங்காலம் அவள் வெளியே வந்தபோது சென்னியப்பன் அவள் கையைப் பிடித்தார். கை பானைத் தண்ணீர் மாதிரி இருந்தது. வெயில் காலத்தில் அவள் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

"அப்படி என்னதான் புள்ள இருக்குது உள்ளார? வேலைக்காரி மாதிரி உக்காந்து தட்டிட்டே இருக்கறே. நாம பங்குதாரருங்க, முதலாளிங்க."

வசந்தாமணி அவரைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அங்க ஒருத்தரும் என்னைக் கூப்புடறதில்லீங்க. தண்ணி கொண்டான்னு இல்லை, சாவி எங்கன்னு இல்லை. எத்தனை வருசமாச்சு இப்படி உக்காந்து."

அவருக்குச் சுருக்கென்றது. நான் என்ன அவ்வளவு தொந்தரவா கொடுத்தேன் என்று கேட்க வாயெடுத்தார், அதற்குள் போனில் விலை ஒரு படி ஏறிவிட்டது, பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் உள்ளே போயிருந்தாள். கொஞ்ச நாளாக 'இந்தா' விஷயமாகத் தன் போனுக்கு ஒரு மெசேஜும் வராததை அவர் கவனிக்கவே இல்லை.

முதலில் விற்றவர் கிட்டுசாமி. நல்ல விலை வந்ததும் லோகநாதன் கடையில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் விற்று, எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். தொழுவத்தில் கதவு இல்லை. சாணம் மெழுகிய பழைய சுவர் இருந்தது, மாடு கட்டுகிற முளை பழைய இடத்துக்கே வந்திருந்தது. காலையில் உள்ளே போன ருக்குமணியின் செருப்பு சுவரோரம் கிடந்தது.

அவர் சுவரை இடித்தார். இடித்தால் அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கொல்லை தெரிந்தது, அங்கே துணி காயப் போட்டுக்கொண்டிருந்த பெண் "என்னுங்ணா?" என்று கேட்டாள். கிட்டுசாமி செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ருக்குமணி குண்டடத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று மறுநாள் சொன்னார். ஊரும் அப்படியே சொன்னது. விசாரிக்கிறவர்களிடமெல்லாம், ஆமா, குண்டடம் போயிருக்குது, வந்துரும் என்று சொல்லிச் சொல்லி ஊருக்கே அது வாய்ப்பழக்கமாகிவிட்டது. பிறகு ஒருநாள் குண்டடத்திலிருந்தே ருக்குமணியின் அண்ணன் வந்தார். கிட்டுசாமியோடு உட்கார்ந்து மோர் குடித்தார், என்ன விலைக்குப் போச்சுங்க மாப்ள என்று கேட்டார், கிட்டுசாமி சொன்னதும் நல்ல விலைதான் என்று சொல்லிவிட்டு எழுந்து பஸ்ஸுக்குப் போனார்.

ஆனாலும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கூட்டத்தில் ருக்குமணி பேரை யாரும் எடுக்கவில்லை, பொதுவாகப் பேசினார்கள். இனிமேல் விற்கிறவன் முதலில் பேருக்கு உரியவளை வெளியே கூட்டிவர வேண்டும், கையில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து வாசலில் நிற்க வைக்க வேண்டும், அக்கம்பக்கத்தார் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் விற்க வேண்டும். அன்றைக்கு எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசியவர் சென்னியப்பன்தான். "காசு இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். உள்ளார பொம்பளைய வெச்சுட்டு விக்கறவன் மனுசனாங்க? அவனுக்குத் தண்ணி கொடுக்கக் கூடாதுங்க!" என்றார், தொண்டை கட்டிப்போகும் அளவுக்கு. கிட்டுசாமி கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அந்த விதிப்படி சில வீடுகளில் சொம்போடு நிற்க வைத்து விற்றார்கள், ஒன்றும் ஆகவில்லை, கதவு போய்ச் சுவர் வந்தது. வெளியே வந்த பெண்கள் சில நாள் சுவரைத் தடவிக்கொண்டு திரிந்தார்கள்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை விலை இறங்க ஆரம்பித்தது. கம்பெனியின் நஷ்டம் சொன்னதைவிடப் பெரிசு என்று டிவியில் சொன்னார்கள். நஷ்டம்தானே மதிப்பு என்று சென்னியப்பன் கேட்டதற்கு, "அது வேற நஷ்டமுங்ணா, இது வேற நஷ்டம்" என்று லோகநாதன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். ஏறும்போது பெருத்த அறை இப்போது சுருங்கிற்று, சோபா போயிற்று, செடி போயிற்று, கம்பளம் ஓரம் ஓரமாகச் சுருண்டது, கூரை கீழே வந்தது. ஆனால் பாருங்கள், வீட்டிலிருந்து எடுத்த இடம் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. கூடம் ஒடுங்கினது ஒடுங்கினபடியே இருந்தது, சாமி ரூம் இருந்த இடம் எங்கே போனது என்றே தெரியவில்லை, அறையும் இல்லாமல் வீடும் இல்லாமல் அந்த இடம் எவனிடமோ போய்ச் சேர்ந்திருந்தது.

புதன்கிழமை காலையில் விலை போட்ட பணத்துக்கும் கீழே இறங்கியது. கண்ணாடிக்குள் வசந்தாமணி குனிந்தபடி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள், கூரை அவள் கொண்டைக்கு மேல் ஒரு முழம்தான் இருந்தது. சென்னியப்பன் கண்ணாடியைத் தட்டினார். "வசந்தா! வெளிய வா, வித்துப்போடலாம்!" என்று கத்தினார். அவள் திரும்பவில்லை. கையால் தட்டி, செருப்பால் தட்டி, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோயிற்று. அவளை இழுத்துக்கொண்டு வரக் கதவு அவருக்குத் திறக்காது. விலையோ கண்ணெதிரே வடிந்துகொண்டிருந்தது. அவருக்குப் பயம் வந்தது, பயத்துக்குப் பின்னாலேயே ஆத்திரம் வந்தது. கூப்பிடறது கேக்குது, வேணும்னே திரும்ப மாட்டேங்கறா, எத்தனை தரம்தான் கூப்புடறது, அவ பாட்டுக்கு உக்காந்திருந்தா என்ற பணம் போகட்டுமா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, வண்டியை எடுத்தார்.

லோகநாதன் கடையில் கூட்டம் நெருக்கியது. "அண்ணி வெளிய நிக்கறாங்களாங்ணா?" என்று அவன் கேட்டான்.

"நிக்கறா."

"சொம்போடயா?"

"சொம்போடதான் நிக்கறா, நீ போடு."

"பாத்துச் சொல்ல ஆருங்ணா இருக்கறாங்க?"

"நாந்தான் சொல்றனல்லோ! எறங்கீட்டே இருக்குது பாரு, போடு!"

போட்டான். "ஓடிபி வந்திருக்குமுங்ணா, சொல்லுங்க" என்றான். சென்னியப்பன் போனைப் பார்த்தார். வரவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், வரவில்லை. லோகநாதன் கம்ப்யூட்டரில் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "அண்ணா, இது உங்க நம்பருக்குப் போகலீங்களே. கடைசி எண்ணு வேறயா இருக்குது. வேற யாரோ மாத்தியிருக்கறாங்க."

அந்த நம்பர் யாருடையது என்று சென்னியப்பனுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. கட்டிக்கொடுத்த மகள் வந்தபோது கொடுத்துவிட்டுப் போன பழைய போன், வசந்தாமணி இடுப்பில் செருகியிருப்பது. வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார், கடையில் இருந்தவர்களும் ஏதோ புரிந்துகொண்டு பின்னாலேயே வந்தார்கள்.

வசந்தாமணி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை கதவைத் திறந்து பிடித்திருந்தது, இன்னொரு கையில் போன். உள்ளே அறை ஒரு அலமாரி அளவுக்கு வந்துவிட்டிருந்தது.

"என்ற போனுக்கு ஒரு நம்பர் வந்துச்சுங்க" என்றாள். "விக்கறதுக்குன்னு போட்டிருந்துது. நானு உள்ளாரதான் இருந்தேன்."

அவருக்கு "நம்பரை எப்ப மாத்தினே?" என்று அதைத்தான் கேட்க வந்தது.

"பேரு என்றதுதானுங்களே. நம்பரும் என்றதா இருக்கட்டும்னு மாத்திப்போட்டேன். உள்ளார இருந்தே மாத்தலாமுங்க, ஒரு நிமிசம் ஆகலை." அவள் குரல் ஏறவில்லை. "நானு உள்ளார இருக்கறது தெரிஞ்சுதான அழுத்துனீங்க?"

"நான் கூப்பிட்டேன் வசந்தா! சத்தியமாக் கூப்பிட்டேன். கத்துனேன், தட்டுனேன், நீதான் திரும்பலை. கேட்டுட்டே திரும்பாம இருந்தா நான் என்ன பண்றது?"

வாசலில் தெருவே நின்றிருந்தது. கிட்டுசாமியும் வந்திருந்தார். தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சென்னியப்பன் கூட்டத்தில் கத்தினது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது, அது அவர்கள் முகத்தில் தெரிந்தது. வெட்கத்தில் அவருக்கு உடம்பு எரிந்தது.

"உள்ளார இருந்தா கேக்காதுங்க" என்றாள் வசந்தாமணி. "ஒண்ணுமே கேக்காது. நம்பலீன்னா நீங்களே போய் உக்காந்து பாருங்க. நானு இங்கிருந்து கூப்புடறேன். கேக்குதான்னு பாருங்க."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? சொன்னால் கூப்பிட்டேன் என்றதும் பொய்யாகிவிடும், சொம்போடு நிற்கிறாள் என்ற பொய்யோடு இதுவும் சேர்ந்துவிடும். கூப்பிட்டது நிஜம், அது ஒன்றுதான் அவர் கையில் மிச்சம் இருந்தது. அவர் செருப்பைக் கழற்றினார். ஏன் கழற்றினோம் என்று அவருக்கே தெரியவில்லை. குனிந்து, தலையை உள்ளே கொடுத்து, தவழ்ந்து நுழைந்து, அந்தச் சின்ன நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். அவள் கையை எடுத்தாள். கதவு 'க்ளிங்' என்று மூடிக்கொண்டது, அவர் கேட்ட கடைசிச் சத்தம் அது.

உள்ளே சத்தம் என்கிற சாமானே இல்லை. தெருவில்லை, காக்காய் இல்லை, தன் மூச்சுகூட இல்லை. அவள் சொன்னது நிஜம்தான் என்று தெரிந்ததும் அவருக்கு அழுகை வந்தது. பாவி, கேட்கவே கேட்காத இடத்தில் இருந்தவளைப் பார்த்தா அப்படி ஆத்திரப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டு, சரி, புரிந்தது, திற என்று கண்ணாடியைத் தட்டினார். கைபட்ட சத்தமும் கேட்கவில்லை.

வீடு ஒடுங்கிப் போயிருந்ததால் சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் நேராகத் தெரிந்தது. வசந்தாமணி அந்தச் சந்து வழியே நடந்து வாசலுக்குப் போனாள். எதிர்வீட்டிலிருந்து கிட்டுசாமியே ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி இடது கையில் பிடித்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தார் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள், சொம்பைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேருக்கு உரியவள் வெளியே நிற்க வேண்டும், கையில் தண்ணீர் இருக்க வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதுதான் ஊர் போட்ட விதி. உள்ளே வேறு யாரும் இருக்கக் கூடாது என்று யாரும் போடவில்லை, அவரும் அன்றைக்கு அதைப் பற்றிப் பேசவில்லை. லோகநாதன், கடையில் கம்ப்யூட்டர் முன்னால் விட்டுவந்த ஆளோடு பேசக் காதில் போனை வைத்துக்கொண்டு, சரி என்பது போலத் தலையாட்டினான்.

கூரை இறங்கி அவர் உச்சந்தலையைத் தொட்டது. சென்னியப்பன் கண்ணாடியைத் தள்ளினார், அது அவருக்கு என்றைக்குமே திறந்ததில்லை. வாசலில் வசந்தாமணி வலது கையிலிருந்த போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள், பிறகு அவர் பக்கம் திரும்பினாள், அவள் உதடு அசைந்தது. அவரைத்தான் கூப்பிடுகிறாளா, வந்த நம்பரை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கிறாளா என்று அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.